மதகு, தூம்பு, வால்வு: நீரை ஆண்ட பொறிகளும் அவற்றின் பெயர்களும்



2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் தொடங்கி 14ஆம் நாள் வரை பினாங்கு மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களிலும் பல இடங்களில் குழாய்நீர் தடைப்பட்டதை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். பொங்கலுக்கு வீட்டைக் கழுவிக் கோலமிட வேண்டிய நாள்களில் வாளிகளையும் தொட்டிகளையும் நிரப்பி வைத்துக் காத்திருந்தோம். காரணம் வறட்சியன்று, அணை உடைந்ததுமன்று. சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அருகே, 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளில் கசிவு ஏற்பட்டிருந்தது. அவற்றை மாற்றுவதற்காகவே நீர் நிறுத்தப்பட்டது.

மண்ணுக்கடியில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்த இரண்டு பொறிகள் ஒரு மாநிலத்தின் அன்றாட வாழ்வை நான்கு நாள் நிறுத்தி வைத்தன. அந்நாள்களில் மலாய் நாளிதழ்கள் அப்பொறியை 'இன்ஜாப்' என்றன. ஆங்கில நாளிதழ்களும் வீட்டில் பேசிய நாமும் 'வால்வு' என்றோம். வகுப்பறையில் மாணவர் ஒருவர் எழுந்து, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டிருந்தால் நாம் என்ன விடை கூறியிருப்போம்? இக்கேள்வியே இவ்வுரைக்குத் தோற்றுவாய். பொறியின் வரலாற்றையும் பெயரின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு நேர்மையான விடை கிடைக்கும்.

மூன்று மொழிகள், மூன்று வழிகள்

'வால்வு' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'வால்வா'. மடிந்து திறக்கும் கதவின் ஓர் இலை என்பது அதன் பொருள். கதவைத் திறந்தால் ஆள் செல்லலாம்; மூடினால் செல்ல இயலாது. அக்கதவின் பெயரையே நீருக்கும் ஆவிக்கும் குருதிக்கும் வழிவிடும் உறுப்புகளுக்கு ஐரோப்பியர் இட்டனர்.

மலாய்மொழியின் 'இன்ஜாப்' மீனவர் வாழ்விலிருந்து பிறந்தது. 'பூபு' எனப்படும் மீன்பொறியின் வாயில், கூரிய முனைகள் உள்நோக்கி இருக்குமாறு மூங்கிற் சிம்புகளைக் கட்டுவர். உள்ளே நுழையும் மீனுக்கு அவை வளைந்து இடங்கொடுக்கும். வெளியேற முயலும் மீனைத் தடுக்கும். அச்சிம்பு வளையத்தின் பெயர்தான் இன்ஜாப். பின்னாளில் அறிவியல் மொழி வளர்ந்தபோது, மலாய் அறிஞர்கள் தம் மக்களின் கையிலிருந்த அச்சொல்லை எடுத்துப் பொறியியலுக்குத் தந்தனர். புதுச்சொல் படைக்கவில்லை, அயற்சொல் கடன் வாங்கவுமில்லை. பழஞ்சொல்லுக்குப் புதுப்பணி கொடுத்தனர்.

தமிழர் இவ்விரண்டு வழிகளையும் விட்டு மூன்றாம் வழியில் சென்றோம். ஒருபுறம் 'வால்வு' என்று எழுத்துப்பெயர்த்தோம். மறுபுறம் ஓரதர், அடைப்பிதழ், தடுக்கிதழ் எனப் புதுச்சொற்களைப் படைத்தோம். நீரைத் திறந்து மூடும் பொறிகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர்கள் இருந்தனவா என்று தேடிய முயற்சி குறைவு.

ஏரியின் அடியில் இருந்த பொறி

தமிழ்நாட்டு ஏரி என்பது பெரும்பாலும் மண்கரையால் தேக்கப்பட்ட நீர்ப்பரப்பு. அதில் இரண்டு வகை வாயில்கள் வேண்டும். மிகுந்த நீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது ஒன்று. அதன் பெயர் கலிங்கு அல்லது கலிங்கல். தேங்கிய நீரை அளந்து வயலுக்கு விடுவது மற்றொன்று. அதற்கு மதகு, மடை, தூம்பு எனப் பல பெயர்கள். மதகு என்னும் சொல் சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலேயே இடம்பெற்றுள்ளது.

இவற்றுள் பொறியியல் நோக்கில் வியக்கத்தக்கது குமிழித் தூம்பு. ஏரியின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கற்றூண்களை நிறுத்துவர். தூண்களுக்கிடையே துளையிட்ட குறுக்குக் கற்கள் இருக்கும். தூண்களின் அடியில் ஒரு கற்றொட்டி. அதன் மேற்புறத்தில் வட்டமான துளை. அத்துளையில் கச்சிதமாகப் பொருந்தும் அடைப்பு ஒன்றை நீண்ட தண்டில் பொருத்தி, குறுக்குக் கற்களின் துளைகள் வழியாக மேலே கொண்டுவருவர். தண்டை உயர்த்தினால் அடைப்பு விலகி நீர் தொட்டிக்குள் இறங்கும். அங்கிருந்து கரைக்கு அடியில் செல்லும் கால்வாய் வழியே வயலை அடையும். தண்டைத் தாழ்த்தினால் நீர் நிற்கும். எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவே நீர். நீர் பாயும் வழி, அவ்வழியை மறைக்கும் அடைப்பு, அடைப்பை வெளியிலிருந்து இயக்கும் தண்டு ஆகிய மூன்றும் இன்றைய தொழிற்சாலை வால்வின் அடிப்படை உறுப்புகளும் ஆகும்.

இப்பொறி ஏன் கரையிலேயே அமையாமல் நீருக்குள் அமைந்தது என்பதும் எண்ணத்தக்கது. ஆழத்தில் நீரின் அழுத்தம் மிகுதி. விரைந்து பாயும் நீர் நேராகக் கால்வாயுள் புகுந்தால் கரையை அரித்துவிடும். தொட்டிக்குள் இறங்கித் திரும்பும்போது அதன் விரைவு தணிகிறது. இலங்கையின் பழைய குளங்களில் 'பிசோகொட்டுவ' எனப்படும் கற்கிணறு இதே பணியைச் செய்தது. அங்கே நீர்ப்பாசனப் பொறியாளராகப் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' பற்றிய ஆங்கில நூலில், அக்கிணறுகளை இக்கால நீர்த்தேக்கங்களின் வால்வுக் கோபுரங்களுக்கு முன்னோடி எனக் கருதினார்.

தமிழகத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் பெயரால் அமைந்த மகேந்திரவாடி ஏரி ஏழாம் நூற்றாண்டின் சான்று. புதுக்கோட்டைப் பகுதியில் குமிழித் தூம்புக் கற்றூண்கள் பல, எழுத்துப் பொறித்தவையாகவே இன்றும் நிற்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. பொறியைப் படைத்தது பாதிப்பணி. அதைப் பேணுவதற்கு அமைப்பு வேண்டும் என்பதை அக்கால ஊரவை அறிந்திருந்தது. சுங்கை டுவா நமக்கு நினைவூட்டிய பாடமும் அதுவே.

மடையைத் திறந்து மூடிய பணியாளருக்கு நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையன் என ஊருக்கு ஊர் பெயர்கள் வழங்கின. இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அறிவிலியைக் குறிக்கும் 'மடையன்' என்னும் வசைச்சொல் மடை திறந்தவரின் பெயரிலிருந்து வந்தது என்று இக்காலத்தில் பலர் உருக்கமாகக் கூறிவருகின்றனர். மொழியியல் அதை ஏற்காது. வசைச்சொல்லின் வேர் அறியாமையைக் குறிக்கும் மடம், மடமை என்பவற்றோடு உறவுடையது. ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் இரு சொற்கள் உடன்பிறந்தவை ஆகிவிடா. மடை திறந்தவரின் உழைப்பைப் போற்றுவதற்குப் பிழையான சொற்பிறப்பு தேவையில்லை.

தூம்பு என்னும் சொல்லோ உண்மையான உறவுகளை உடையது. தெலுங்கில் 'தூமு', கன்னடத்தில் 'தூபு', மலையாளத்தில் 'தூம்பு' என அது விரிந்துள்ளது. ஒரு பொறியின் பெயர் நான்கு மொழிகளில் ஒரே வேரிலிருந்து வழங்குமாயின், அம்மொழிகளைப் பேசியோர் அப்பொருளோடு நெடுங்காலம் பழகியவர்கள் என்று கொள்வதில் தவறில்லை.

நாம் கொடுத்த சொற்கள்

பொறியியற் சொற்களைத் தமிழ் எப்போதும் கடன் வாங்கியதாகவே பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர்கள் அணைக்கட்டு என்னும் சொல்லை 'அனிகட்' என்றும், கலிங்கலைக் 'கலிங்குலா' என்றும் தம் மொழியில் எழுதினர். 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதியில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. கல்லணையின் அடித்தள முறையை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். மணற்படுகையில் அணை நிறுத்தும் நுட்பத்தைப் பழைய தமிழ்க் கட்டுமானத்திடமிருந்து கற்றதை அவர் மறைக்கவில்லை. நுட்பத்தோடு சொல்லும் சேர்ந்தே சென்றது.

மலாய்மொழிக்கும் நாம் கொடுத்திருக்கிறோம். குளம் என்னும் சொல்லே அங்கே 'கோலாம்' ஆயிற்று. ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள கம்போங் கோலாம் தெருவில் நடப்பவர்கள் ஒரு தமிழ்ச்சொல்லின் மீதுதான் நடக்கிறார்கள். நகருக்குத் தொடக்கத்தில் குடிநீர் தந்த அருவிப் பகுதியை நாம் இன்றும் தண்ணீர்மலை என்கிறோம். தைப்பூசத்தன்று அங்கே காவடி செல்லும் பாதை பழைய நீர்ப்பாதையின் அயலில்தான் அமைந்துள்ளது.

தாமே திறந்த கதவுகள்

பழைய மதகுக்கும் தூம்புக்கும் ஒரு குறை இருந்தது. மனிதர் வந்து திறந்தாலன்றி அவை திறவா. நள்ளிரவில் வெள்ளம் வந்து, ஆள் வரத் தாமதித்தால் கரை உடையும். இக்குறையைப் போக்கிய பொறியாளர்களுள் மைசூரைச் சேர்ந்த மோ. விசுவேசுவரையா குறிப்பிடத்தக்கவர்.

அவர் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியபோது புனே நகருக்கு அருகிலுள்ள கடக்வாசலா நீர்த்தேக்கம் ஒரு சிக்கலைத் தந்தது. மழைக்காலத்தில் மிகுந்த நீர் கலிங்கின் மீது வழிந்து வீணாயிற்று; கோடையில் நீர் போதவில்லை. கலிங்கை நிலையாக உயர்த்திக் கட்டினால் பெருவெள்ளத்தின்போது அணைக்கே இடர். கலிங்கின் மேல் கதவுகளை நிறுத்தினால் நீரைக் கூடுதலாகத் தேக்கலாம். ஆனால் வெள்ளம் வரும் கணத்தில் அவை தவறாமல் திறக்க வேண்டும். அக்கணத்தை மனிதரின் விழிப்பிடம் விட அவர் விரும்பவில்லை. நீர்மட்டம் குறித்த அளவைக் கடந்தால் நீரின் ஆற்றலாலேயே திறந்து, மட்டம் தணிந்ததும் தாமே மூடிக்கொள்ளும் கதவுகளை வடிவமைத்தார். 1903இல் அவை அங்கே பொருத்தப்பட்டன. அவ்வடிவத்திற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் குவாலியரின் திக்ரா அணையிலும், காவிரியின் மீதுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் அம்முறை பயன்பட்டது.

இதன் சிறப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குமிழித் தூம்பில் கண்டறிபவர் மனிதர், முடிவெடுப்பவர் மனிதர், இயக்குபவரும் மனிதர். விசுவேசுவரையாவின் கதவில் இம்மூன்றையும் நீரே செய்கிறது. உயர்ந்த நீர்தான் செய்தி. உயர்ந்த நீர்தான் ஆற்றல். நம் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் மிதவை உயர்ந்ததும் நீர் நிற்கிறதே, அங்கேயும் நீர்மட்டமே பொறியை ஆள்கிறது. கல்லணைக்கு வரும் அதே காவிரியின் மேற்புறத்தில் இத்தகைய கதவுகள் நின்றன என்பதும் நினைவில் இருத்தத்தக்கது.

அடைப்பின் இரண்டாம் பிறப்பு

அடைப்பு வகைப் பொறிக்குத் தொழிற்சாலையில் மறுவாழ்வு தந்தவர் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சுவென் நார்ட்ஸ்ட்ராம். கூம்பு வடிவ அடைப்பில் ஒரு துளையிட்டு, அதைத் திருப்பித் திறக்கும் பழைய வகை வால்வில் இரண்டு தொல்லைகள் இருந்தன. இறுக்கமாகப் பொருத்தினால் சிக்கிக்கொள்ளும்; தளர்வாகப் பொருத்தினால் கசியும். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் நார்ட்ஸ்ட்ராம் கண்ட தீர்வு எளியது. அடைப்பைச் சுற்றிச் சிறு பள்ளங்களை வெட்டி, அவற்றுள் மசகை அழுத்தத்துடன் செலுத்தினார். மசகே கசிவை அடைத்தது. சிக்கிய அடைப்பைச் சற்றே தூக்கி விடுவித்ததும் மசகே. எண்ணெய், எரிவளிக் குழாய்களில் இவ்வகை பெரிதும் பரவியது.

இவ்வகை வால்வுகளை இங்கிலாந்தில் செய்த நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே ஆட்கோ. 1961இல் தொடங்கப்பெற்ற ஆட்கோ இந்தியா சென்னை மணப்பாக்கத்தில் வால்வுகளைச் செய்தது. எல் அண்ட் டி வால்வ்ஸ் என இன்று வழங்கும் அந்நிறுவனத்திற்குக் காஞ்சிபுரத்திலும் கோயம்புத்தூரிலும் தொழிற்சாலைகள் உள்ளன. திருச்சிராப்பள்ளியின் பெல் நிறுவனம் மின்நிலையங்களுக்கான உயரழுத்த வால்வுகளைச் செய்கிறது.

பல்லவரின் காஞ்சியிலேயே இன்று வால்வு வார்க்கப்படுகிறது என்று கேட்டதும் நம் உள்ளம் பெருமிதத்தில் ஒரு கோட்டை இழுத்துவிடத் துடிக்கும். குமிழித் தூம்பிலிருந்தே நார்ட்ஸ்ட்ராமின் வால்வு பிறந்தது என்று கூறிவிடலாம். கூறக் கூடாது. ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு மக்கள் ஒத்த தீர்வைத் தனித்தனியே காண்பது இயல்பு. ஒப்புமை வேறு, வழிவழி உறவு வேறு. மடையன் என்னும் சொல்லில் நாம் காட்டிய கட்டுப்பாட்டைப் பொறியின் வரலாற்றிலும் காட்ட வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டலாம். ஒன்றை மற்றொன்றின் தந்தை எனச் சான்றின்றிச் சொல்லலாகாது.

நாம் செய்த பிழை

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன் கலைச்சொற்பட்டியல் ஒன்றைச் சரிபார்க்கும் பணியில் நாம் பங்கேற்றோம். அதில் வால்வு என வந்த இடமெல்லாம் 'ஓரதர்' என்று எழுதினோம். அதர் என்பது வழியைக் குறிக்கும் பழந்தமிழ்ச்சொல். ஓர் + அதர், ஒரே வழி. அழகிய ஆக்கம் என்று மகிழ்ந்தோம். பின்னர் ஒருநாள், நீர்க்குழாய்ப் பணியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இச்சொல்லை விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, ஒரு பக்கம்தான் போகும்னு சொல்றீங்க. நான் முப்பது வருசம் திறந்து மூடுனதுல தண்ணி ரெண்டு பக்கமும் போகுமே" என்றார்.

அவர் கூறியது சரி. மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வும் இதயத்தின் வால்வும் ஒருவழிப் பொறிகள். அவற்றுக்கு ஓரதர் பொருந்தும். தெருவடியில் கிடக்கும் வால்வு பெரும்பாலும் திறப்பதும் மூடுவதும் மட்டுமே செய்வது, அதற்குப் பொருந்தாது. சொல்லைப் பார்த்தோம், பொருளைப் பார்க்கவில்லை. அப்பிழை நம்முடையது.

அதன்பின் நாம் வந்தடைந்த கருத்து இது. பொதுப்பெயராக 'வால்வு' இருக்கட்டும். அது மக்கள் நாவில் வேரூன்றிவிட்டது. வகைப்பெயர்களைத் தமிழின் பழைய கருவூலத்திலிருந்து எடுப்போம். நேராக ஏறியிறங்கும் பலகையால் மூடுவதை மதகு வால்வு என்போம். ஆங்கிலேய நீர்த்துறையினரும் அதை மதகின் பெயராலேயே அழைத்தனர். கூம்படைப்பு உடையதைக் குமிழி வால்வு என்போம். மெல்லிய தகடு மடங்குவதை இதழ் வால்வு என்போம். இதயத்தின் ஈரிதழ், மூவிதழ் வால்வுகளைப் பாடநூல் ஏற்கெனவே அவ்வாறுதான் அழைக்கிறது. ஒருவழி விடுவது ஓரதர். இவ்வாறு பெயரிட்டால், பெயரைக் கேட்டதும் பொறி இயங்கும் முறை மாணவர் மனத்தில் தோன்றும்.

இது சொல்லாராய்ச்சியாளரின் பொழுதுபோக்கன்று. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஓர் இதழ் நடத்தினர். அதற்கும் முன்னர், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழால் இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. ஆயினும் பயன்படுத்தாத சொல் ஒரு தலைமுறையில் மறையும். நம் நாட்டில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் மீண்டும் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோர் சிலர் இன்று ஆசிரியர்கள். தாம் பயிலாத சொற்களில் பாடம் நடத்தும் சுமை அவர்கள் தோளில் இருக்கிறது. அவர்களுக்குப் பட்டியல்கள் மட்டும் போதா. ஒவ்வொரு சொல்லும் எப்பொருளைத் தொட்டு நிற்கிறது என்னும் விளக்கமும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. இப்பாடம் வரும் நாளில் பள்ளிக்கு வெளியே தெருவிலுள்ள இரும்பு மூடியை மாணவர்க்குக் காட்டுங்கள். அழுத்தச் சமையற்கலத்தின் எடையையும் மிதிவண்டிக் குழாயையும் மேசைமேல் வையுங்கள். எது மதகு, எது குமிழி, எது இதழ், எது ஓரதர் என அவர்களையே வகைப்படுத்தச் செய்யுங்கள். மாணவர்களே, உங்கள் தாத்தாக்களில் எவரேனும் நகராண்மைக் கழகத்தில் குழாய்ப்பணி செய்திருந்தால், அவர் எந்தக் கருவியை எப்பெயரால் அழைத்தார் என்று கேட்டு எழுதி வாருங்கள். எம் பட்டியலில் இல்லாத சொற்கள் அவர்களிடம் இருக்கும். அடுத்த பதிப்பில் அவற்றைச் சேர்ப்போம்.